அடகுக் கடைக்குப் போகாத வழி

(பட்டிமன்றத் தலைப்பு: குறைந்த வருமானக் குடும்பத்துக்கு நோய் வந்தால் பெரிதும் கைகொடுப்பது சேமிப்பா? சொந்தபந்தமா? காப்பீடா? ‘காப்பீடே’ என்ற அணியில் நிறைவாகப் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரே இரண்டு அணியாக உட்கார்ந்துகொண்டு என் ஒருவனை மட்டும் முறைத்துப் பார்க்கும் அருமை நண்பர்களே! பண்டிகை நாளும் அதுவுமாகப் பலகாரத் தட்டோடு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே!

நல்ல நாள்ல ஆஸ்பத்திரியைப் பத்திப் பேச வந்துட்டாரேன்னு யாரும் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது. தலைப்பை நான் குடுக்கல. நடுவர் ஐயா குடுத்தது. (சிரிப்பு)

ஐயா, வள்ளுவர் மருந்துக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். தொண்ணூற்றைந்தாவது அதிகாரம். அதன் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிக்கிறவர். இந்த நாலு பேரும் இத்தனை நூற்றாண்டா ஒழுங்காத்தான் இருந்தாங்க. இப்ப அஞ்சாவதா ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்கார். கண்ணாடிக்குப் பின்னால, கம்ப்யூட்டருக்கு முன்னால. ‘சார், அட்வான்ஸ் எவ்வளவு கட்டுறீங்க?’ன்னு கேட்கிறவர்! (சிரிப்பு, கைதட்டல்)

அந்தத் தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். அவர் கேட்கிற கேள்விக்கு நம்ம கையில என்ன பதில் இருக்கு? அதுதான் இன்றைய வழக்கு.

சேமிப்பு அணித் தலைவர் அழகாகச் சொன்னார். ‘மாசம் ஐந்நூறு ரூபாய் உண்டியல்ல போடு. நோய் வந்தா எடுத்துக்கோ. எவன்கிட்டயும் கையேந்த வேண்டாம்’ என்றார். நான் கணக்கு வாத்தியார் இல்லை, தமிழ் வாத்தியார். இருந்தாலும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கணக்குப் போட்டேன். மாசம் 500 ரூபாய்னா வருஷத்துக்கு 6,000. பெரிய ஆபரேஷன் ஒன்றுக்கு 3 லட்சம் ரூபாய் ஆகுதுன்னு வச்சுக்குவோம். 3 லட்சத்தை 6,000-ஆல் வகுத்துப் பாருங்கள். ஐம்பது வருஷம்! நெஞ்சுவலி வந்ததும் இவர் என்ன சொல்லுவார்? ‘ஏப்பா நெஞ்சுவலி, ரெண்டு வருஷம்தான் சேர்த்திருக்கேன். ஒரு நாற்பத்தெட்டு வருஷம் கழிச்சு வா!’ (பலத்த சிரிப்பு) சேமிப்பு மாட்டு வண்டியில வருதுங்க. நோய் எக்ஸ்பிரஸ்ல வருது.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த உண்டியல் எதற்காக வைத்தது? மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு. ஒழுகுகிற ஓட்டை மாற்றுவதற்கு. நோய் வந்து அதை வழித்து எடுத்துக்கொண்டால் அப்பாவின் உடம்பு தேறிவிடும். மகளின் படிப்பு தேறுமா? சேமிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேமிப்பைச் சேமிப்பாகவே காப்பாற்ற ஒரு காவல் வேண்டும் என்கிறேன். (கைதட்டல்)

அடுத்து சொந்தபந்த அணி. சகோதரி கண்கலங்கப் பேசினார். சொந்தக்காரர்கள் வருவார்கள். நான் மறுக்கலையே! ஆஸ்பத்திரியில படுத்துப் பாருங்க, எப்படி வர்றாங்கன்னு. ஒருத்தர் கையில சாத்துக்குடி, ஒருத்தர் கையில ஹார்லிக்ஸ், ஒருத்தர் கையில பிரெட்டு. நாலு நாள்ல அந்தக் கட்டிலே பழக்கடை மாதிரி ஆயிடும். ஆனா பில்லு வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. ‘மாப்பிள்ளே, உடம்பைப் பார்த்துக்குங்க, கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு!’ (பலத்த சிரிப்பு)

அவர்களைக் கேலி செய்து பயனில்லை ஐயா. அவர்களும் நம்மைப் போல இல்லாதவர்கள்தான். தன் வீட்டு அரிசிப் பானையைப் பார்த்துவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வருகிறார்கள்.

ஆனால் சகோதரிக்கு ஒன்று சொல்வேன். உங்கள் அணிக்குள்ளேயே என் அணி ஒளிந்திருக்கிறது. பேராவூரணிப் பக்கம், கீரமங்கலம் பக்கம் ஆடி மாசத்தில் போய்ப் பாருங்கள். மொய் விருந்து நடக்கும். நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள். ஒரு குடும்பம் எழுந்து நிற்கிறது. அடுத்த முறை இன்னொரு குடும்பம். காப்பீடு என்றால் என்ன என்று புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம் ஐயா, அதுவும் இந்த மாதிரி பலர் போட்டு ஒருவரைத் தூக்குகிற ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம். மொய்யை நோட்டுப் போட்டு எழுதி வச்சுத் திருப்பிக் கேட்பாங்க. காப்பீட்டில் திருப்பிக் கேட்கிறதில்லை. (கைதட்டல்)

‘பத்து வருஷம் பிரீமியம் கட்டினேன், ஒரு பைசா திரும்பி வரல’ என்று இந்த மேடையிலேயே ஒரு நண்பர் வருத்தப்பட்டார். அடடா! ராத்திரிக் காவல்காரருக்குப் பத்து வருஷம் சம்பளம் குடுத்தோம், ஒரு திருடன்கூட வரலையேன்னு யாராவது அழுவாங்களா? (சிரிப்பு) வராமல் இருந்ததற்குக் குலசாமிக்குப் பொங்கல் வையுங்கள்.

சரி, இப்போது நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். ‘காப்பீடு பணக்காரன் சமாசாரம். இல்லாதவன் எங்கே போய் வாங்குவான்?’ இதுதான் எதிரணியின் பெரிய அம்பு. அந்த அம்பு தவறான இடத்தில் பாய்கிறது ஐயா. ஏழைக் குடும்பம் காப்பீட்டை முதலில் கடையில் போய் வாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே தனக்கு உரியது எது என்று தேடினாலே போதும்.

முதல் இடம் உங்கள் சம்பளச் சீட்டு. பனியன் கம்பெனி, மில், ஓட்டல், ஜவுளிக்கடை, எதுவாக இருந்தாலும் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடமா? சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் போகவில்லையா? இந்த 21,000 என்ற வரம்பு 2017 ஜனவரியில் வந்தது. அப்படியென்றால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்க வேண்டும். நேற்று முளைத்த திட்டமல்ல. 1948-இல் போட்ட சட்டம். 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955-இல் நம் கோயம்புத்தூருக்கு வந்தது.

என்ன செலவு? 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்குப் பிடித்தம் 113 ரூபாய். முதலாளி போடுவது 488 ரூபாய். இந்தத் தொகைக்கு அவருக்கும், மனைவி மக்களுக்கும், அவரை நம்பியிருக்கிற தாய் தகப்பனுக்கும் வைத்தியம். படுத்துவிட்டால், சந்தா நாட்கள் சரியாக இருக்கும் பட்சத்தில், வருஷத்தில் 91 நாள் வரை எழுபது சதவீதச் சம்பளம். குறைந்தது ஐந்து வருஷம் அதில் இருந்து, வயதாகி ஓய்வு பெற்றவர் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இரண்டு பேருக்கும் தொடர்ந்து வைத்தியம். மாசம் பத்து ரூபாய் ஐயா! ஒரு டீ விலை. (கைதட்டல்)

‘எங்க முதலாளி பிடிக்கவே இல்லையே?’ என்கிறீர்களா? பிடிக்காமல் இருந்தால் நல்ல முதலாளி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ‘எங்க ஓனர் தங்கமானவர் சார், சம்பளத்தை முழுசாக் குடுத்துடுவார்!’ 113 ரூபாயை முழுசாக் கொடுத்துவிட்டு 488 ரூபாயை அவர் பையிலேயே வைத்துக்கொண்டார் தம்பி. அது தங்கமா தகரமா என்று நீங்களே உரசிப் பாருங்கள். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இரண்டாவது இடம் உங்கள் ரேஷன் அட்டை. தமிழ்நாட்டில் 2009-இல் உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கு அரசுக் காப்பீடு தொடங்கியது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. ஆட்சி மாறியது, அட்டையின் நிறம் மாறியது, திட்டம் நிற்கவில்லை. அது இந்த மண்ணுக்குப் பெருமை. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. இதய ஆபரேஷன், டயாலிசிஸ், காது கேளாத குழந்தைக்குக் கருவி வைக்கும் ஆபரேஷன் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள். அரசு ஆஸ்பத்திரியிலும் உண்டு. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு.

யாருக்கு? குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று இருந்ததை 2022-இல் 1,20,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். ரேஷன் அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று. இவற்றோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்து கொடுக்கிறார்கள். சந்தேகமா? 1800 425 3993 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் ஆஸ்பத்திரி வாசலில் அழுகைச் சத்தம் கேட்கிறது? காகிதம் கையில் இல்லை ஐயா! கல்யாணமாகிப் போன பெண் இருக்கிறாள். பிறந்த வீட்டு ரேஷன் அட்டையில் பெயரை எடுத்துவிட்டார்கள். புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்கவில்லை. அவள் பெயர் வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் தொங்குகிறது. ‘அதுக்கென்ன அவசரம், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்கிறார் மாமனார். அவருக்கு அவசரமில்லை. அந்தப் பெண்ணின் சிறுநீரகத்துக்கு அவசரம் வந்தால்? அட்டைக்குள் பெயர் இல்லாமல் எந்த மையத்தில் போய் நிற்பாள்? கட்டிலில் நோயாளி, கிராம நிர்வாக அலுவலர் லீவு, சர்வர் வேலை செய்யலை. புருஷன் எத்தனை இடத்துக்கு ஓடுவான்? அந்த ரெண்டு நாள்ல அடகுக் கடைக்காரர் அவன் சட்டையைப் பிடிச்சு உள்ளே இழுத்துடுவார். அவருக்கு வருமானச் சான்று வேண்டாம். தாலிக்கொடி போதும். (அரங்கில் அமைதி, பிறகு கைதட்டல்)

மூன்றாவது இடம் அரசு ஆஸ்பத்திரி. ‘அங்கேயா?’ என்று முகம் சுளிக்க வேண்டாம். மதுரையில் இராஜாஜி மருத்துவமனைக்கும், சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பாருங்கள். எத்தனை மாவட்டத்து ஜனங்கள் பிழைத்து எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று தெரியும். சாலை விபத்தா? 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம். அட்டை கேட்க மாட்டார்கள். வருமானம் கேட்க மாட்டார்கள்.

இந்த மூன்றுக்குப் பிறகுதான் நான்காவது இடம். காசு கொடுத்து வாங்குகிற பாலிசி. இங்கேதான் ஏமாறாமல் நடக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்று ஒரு பாலிசி இருக்கிறது. மருத்துவக் காப்பீடு விற்கிற கம்பெனிகள் எல்லாம் இதை ஒரே விதிகளோடு விற்க வேண்டும். விதி ஒன்று, விலை மட்டும் வேறு. ஆகவே கத்தரிக்காய் வாங்குவது மாதிரி நாலு கடையில் விலை கேட்டு வாங்குங்கள். கத்தரிக்காய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுற நம்ம அம்மாமார் கையில இந்த வேலையைக் குடுத்தா போதும்! (சிரிப்பு) தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. அதையும் சேர்த்துக் கேட்டால், ‘எந்த வரி?’ என்று கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம். ஒன்று, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருந்தால் மறைக்காதீர்கள். ‘அதெல்லாம் எழுத வேண்டாம் சார்’ என்று ஏஜென்ட் சொல்லுவார். பணம் கேட்கிற நாளில் ஏஜென்ட் இருக்க மாட்டார், நீங்கள் எழுதிய தாள்தான் இருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2024-இல் விதி வந்துவிட்டது. உண்மையை எழுதிவிட்டுக் காத்திருந்தால் வழி திறக்கும்.

இரண்டு, அறை வாடகை. இந்த பாலிசியில் ஒரு நாள் அறை வாடகை, பாலிசித் தொகையில் இரண்டு சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். 2 லட்சம் பாலிசிக்காரருக்கு 4,000 ரூபாய். அவர் 8,000 ரூபாய் ஏ.சி. ரூமில் போய்ப் படுத்தால் வாடகையை மட்டும் பாதியாக்க மாட்டார்கள். டாக்டர் கட்டணம் மாதிரி அதோடு சேர்ந்தவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். ஏ.சி. குளிர் போதாது என்று பில்லைப் பார்த்து வேறு நடுங்க வேண்டியிருக்கும். (சிரிப்பு) தவிர, ஒவ்வொரு பில்லிலும் ஐந்து சதவீதம் நம் கையிலிருந்து போகும். அதற்குத்தான் ஐயா சேமிப்பு. சேமிப்பு அணிக்கு நான் இடம் கொடுத்துவிட்டேன். அந்த ஐந்து சதவீதத்தில் உட்கார்ந்துகொள்ளட்டும். (பலத்த சிரிப்பு)

மூன்று, எது என்ன பாலிசி என்று தெரிந்துகொள்ளுங்கள். பேங்க்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்கள். அது விபத்துக்கு. 436 ரூபாய் பிடிக்கிறார்கள். அது ஆயுளுக்கு. இரண்டுமே நல்லவை. ஆனால் ஆஸ்பத்திரி பில்லுக்கு இரண்டும் உதவாது. ‘எனக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே’ என்று பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், குடை இருக்கே என்று ஆற்றைக் கடக்கப் போன கதைதான்.

நடுவர் அவர்களே, இத்தனையும் சொன்ன பிறகு என் அணியின் குறையை நானே சொல்ல வேண்டும். எதிரணி சொல்லும் முன் நான் சொல்லிவிடுகிறேன்.

ஓர் ஆட்டோ ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். செலவு போக மாதம் 12,000 ரூபாய் நிற்கிறது. வருஷத்துக்கு 1,44,000. அரசு அட்டைக்குக் கணக்கில் 24,000 ரூபாய் கூடிவிட்டது. சொந்தத் தொழில், ஆகவே இ.எஸ்.ஐ. இல்லை. பாலிசி வாங்கலாம் என்றால் பள்ளிக்கூடக் கட்டணம் குறுக்கே நிற்கிறது. ஏழை என்று சொல்ல அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பணக்காரர் என்று சொல்ல அவர் வீட்டு அடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. (நீண்ட கைதட்டல்) மாவாட்டி விற்கிற அக்கா, தையல் கடைக்காரர், தள்ளுவண்டி இட்லிக் கடைக்காரர் என்று இப்படி நடுவில் நிற்கிறவர்கள் ஏராளம்.

இவர்களுக்கு என்ன பதில்? இன்றைக்கு, நான் சொன்ன அந்தச் சின்ன பாலிசியும் அரசு ஆஸ்பத்திரியும். அது போதாது. 2003-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரு நபருக்கு நாளைக்கு ஒரு ரூபாய், வருஷத்துக்கு 365. ஐந்து பேர் குடும்பத்துக்கு 548. ஆஸ்பத்திரிச் செலவு 30,000 வரை. எல்லாரும் சேரலாம் என்று தொடங்கியதை அடுத்த வருஷமே வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் இலவசம், மேலே போனால் ஒன்றுமில்லை என்பதற்குப் பதிலாக, ‘நீ கொஞ்சம் போடு, நான் கொஞ்சம் போடுகிறேன்’ என்று அரசு ஒரு படி வைக்கக் கூடாதா? இந்த மேடையிலிருந்து அந்தக் கோரிக்கையை வைக்கிறேன். ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவரின் இதயமும் அந்தப் பக்கம் இருப்பவரின் இதயமும் ஒரே மாதிரிதான் அடைக்கிறது ஐயா! (கைதட்டல்)

கடைசியாக ஒன்று. நம் வீடுகளில் அம்மா ஒருத்தி இருக்கிறாள். மூன்று மாசமா வயிற்றில் வலி. சொல்ல மாட்டாள். ‘சூடு பிடிச்சிருக்கு, வெந்தயம் போட்டுக்கிட்டேன்’ என்பாள். மார்பில் ஒரு கட்டி. மகளிடம்கூடக் காட்ட மாட்டாள். ஏன்? வலிக்கவில்லையா? வலிக்கிறது. வலியைவிடச் செலவு பெரிதாகத் தெரிகிறது. ‘எனக்குப் பார்த்தா பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியாது’ என்று அவள் ஒரு கணக்குப் போட்டுவிட்டாள். அந்தக் கணக்கில் அவள் தன் உயிரைக் கழித்துவிட்டாள். தாமதமாகத் தெரிந்தால் டாக்டர் கையை விரிக்கிறார்.

காப்பீடு பணத்தைக் கொடுக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் சொல்கிறேன், அந்தத் தாய்க்குத் தன் வலியை வாய்விட்டுச் சொல்லும் தைரியத்தைக் கொடுக்கிறது. எந்த உண்டியலும் அந்தத் தைரியத்தைக் கொடுத்ததில்லை. எந்தச் சொந்தமும் கொடுத்ததில்லை. (நீண்ட கைதட்டல்)

அதனால் இந்த நிகழ்ச்சி முடிந்ததும், சீரியல் ஆரம்பிக்கும் முன்னால், ஒரு வேலை செய்யுங்கள். ரேஷன் அட்டையை எடுங்கள். வீட்டில் உள்ள எல்லார் பெயரும் இருக்கிறதா? ஆதாரில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் ஒத்துப் போகிறதா? சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று ஒரு வரி இருக்கிறதா? காப்பீட்டு அட்டை எந்தப் பெட்டியில் கிடக்கிறது? பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தால் எடுத்து, கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். உடம்பு நல்லா இருக்கும்போது தேடினால் அதற்குப் பெயர் காப்பீடு. படுத்த பிறகு தேடினால் அதற்குப் பெயர் கடன்.

சேமிப்பு வீட்டுக்கு வேண்டும். சொந்தம் மனசுக்கு வேண்டும். நோய் வந்து நிற்கிற அந்த நாளில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அந்த ஐந்தாவது ஆளுக்குத் தலைநிமிர்ந்து பதில் சொல்லக் காப்பீடே வேண்டும், காப்பீடே வேண்டும் என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.